துண்டுக்குள்ளே விலை, வெளியே வித்தை

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் என் அப்பாரு (அப்பாவின் அப்பா) ஒரு ஜோடி மயிலைக் காளைக்கு விலை பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன விலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தரகர் தோளில் கிடந்த துண்டை உதறி, தன் கைக்கும் அப்பாரு கைக்கும் மேலே போட்டுக்கொண்டார். உள்ளே விரல்கள் பேசின. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. அது நூறா ஆயிரமா என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும். எனக்கு அப்போது ஏழெட்டு வயசு. துண்டைத் தூக்கிப் பார்க்கப் போய்த் தலையில் ஒரு குட்டு வாங்கினேன்.

விலை மட்டும்தான் இப்படி ரகசியம். மற்றதெல்லாம் வெட்டவெளியில். முன்பின் தெரியாத ஒருவர் வந்து காளையின் வாயைப் பிளந்து காட்டி, "பாருங், இன்னும் கடைப்பல் போடலை" என்று அப்பாருவுக்குச் சொன்னார். சுழி எங்கே இருந்தால் ஆகும், எங்கே இருந்தால் ஆகாது, எந்தக் கொரங்காட்டுப் புல் மேய்ந்தால் தோல் மினுங்கும், எல்லாம் கேட்காமலே சொல்கிறார்கள். வாங்க வந்தவரைவிட வேடிக்கை பார்க்க வந்தவர் அதிகம். சித்திரையில் கண்ணபுரம் கோவில் தேரை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தைக்கு எங்கள் ஊர் வெள்ளகோவிலிலிருந்து போகாத வீடு அந்தக் காலத்தில் குறைவு. நாங்கள் அப்போது பெரியார் மாவட்டம்; 1996-இல் அதுவே ஈரோடு மாவட்டமானது; 2009-இல் பிரித்துத் திருப்பூரோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறினாலும் சந்தை இருந்த இடத்திலேயே இருந்தது.

கடந்த இருபது வருடமாக நான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிப் பிழைக்கிறேன். அந்தத் தொழிலில் 'மீட்டப்' என்று ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு ஊரின் புரோகிராமர்கள் ஒரு ஹாலில் கூடுவார்கள். யாராவது இரண்டு பேர் தாங்கள் கற்றதைச் சொல்வார்கள். டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பேர் அங்கிருந்து வந்தது, சரி. முதல்முறை போனபோது எனக்கு ஞாபகம் வந்தது கண்ணபுரம்தான்.

என் அப்பா மாட்டை விட்டுவிட்டுத் தறிக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னால் ஓட்டு ஷெட்டில் எட்டு விசைத்தறி, பெட்ஷீட் ஓடும். கரூர் எக்ஸ்போர்ட்காரர் ஒருவர் கையளவு துணித் துண்டைக் கொடுத்து "இதே மாதிரி வேணும்" என்பார். அப்பா அதன்மேல் பிக் கிளாஸை வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். ஒரு அங்குலத்துக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை. ஊசியால் இழையைப் பிரித்து, முறுக்கைத் தடவிப் பார்த்து நூல் நம்பர் சொல்லிவிடுவார். நெய்தவனைத் தெரியாது, அவனிடம் கேட்கவும் முடியாது. துணியே சொல்லிவிடும்.

2001-இல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. ஆமை வேக டயல்-அப். அங்கே உட்கார்ந்திருந்தபோது மவுஸின் வலது பட்டனைத் தவறி அழுத்தி, 'வியூ சோர்ஸ்' என்பதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றே சொல்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்கிற பக்கத்தின் பாவும் ஊடையும் அப்படியே நோட்பேடில் திறந்துகொண்டது. எங்கள் ஷெட்டில் டிசைன் அட்டையைப் பக்கத்துத் தறிக்காரர் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். இங்கே உலகத்தில் உள்ள அத்தனை பேரும் தங்கள் அட்டையைத் திண்ணையில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று வாயடைத்துப் போனேன். ஒரு அமெரிக்கக் கடைப் பக்கத்திலிருந்து பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட்டைப் பேப்பரில் எழுதி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. வாசித்துக்கொண்டே இருந்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் குணமே அதுதான். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் கட்டி முடித்த மொழி அது. முதலில் மோக்கா, பிறகு லைவ்ஸ்கிரிப்ட், அந்த வருடம் டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவா என்ற வேறொரு மொழி அப்போது மாப்பிள்ளை மாதிரி ஊர்வலம் போய்க்கொண்டிருந்ததால் அதன் பேரை ஒட்டவைத்தார்கள். அவசரத்தில் நெய்த துணி, பிசிறு உண்டு. ஆனால் எழுதியது எழுதியபடியே ஊர் ஊராகப் போகும், வாங்கியவன் திறந்து படிக்கலாம். அப்போது கல்லூரிப் பாடத்தில் அதற்கு இடம் இல்லை. சி, சி++, ஜாவா. ஜாவாஸ்கிரிப்ட்டை மொழியென்றே வாத்தியார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் இல்லாத வித்தைக்குச் சந்தைதானே பள்ளிக்கூடம்?

நான் 2005-இல் சென்னைக்கு வேலைக்குப் போனபோது ஜாவாஸ்கிரிப்ட்டுக்கென்று ஒரு கூட்டம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. லினக்ஸ்காரர்களுக்கு இருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவார்கள். வேளச்சேரி அறையில் கூட இருந்தவன் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனான். வாசலில் இறங்கி, மான் குறுக்கே ஓடும் சாலையில் நடந்து, ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தால் முப்பது பேர். பதிவுக் கட்டணம், அடையாள அட்டை, பேனர், எதுவும் இல்லை. ஒரு பெரியவர் கர்னலைப் பற்றிப் பேசினார். அவர் பாதி சொல்லும்போதே காலேஜ் பையன் ஒருவன் எழுந்து "அது தப்பு சார்" என்றான். பெரியவர் சிரித்துக்கொண்டே சாக்பீஸை அவன் கையில் கொடுத்தார். நான் படித்த கல்லூரியில் அப்படி ஒருவன் எழுந்திருந்தால் இன்டர்னல் மார்க் போயிருக்கும்.

தமிழ்நாட்டில் பின்னால் வந்த பைதான், ஜாவாஸ்கிரிப்ட், டேட்டா என்று எல்லாக் கூட்டங்களும் இந்த லினக்ஸ் வகுப்பறையின் வயிற்றில் பிறந்தவை என்பது என் எண்ணம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இனாம் அனுமதி, இரண்டு பேச்சு, பிறகு டீக்கடை என்ற பழக்கம் அங்கே ஊறியது. ஆனால் லினக்ஸ்காரர்கள் கொஞ்சம் ஆசாரக்காரர்கள். பிரவுசருக்குள் ஓடுகிற சமாச்சாரத்தைப் பற்றிப் பேசினால் முகம் சுளிப்பார்கள். 'பட்டனை அமுக்கினா டப்பா வர்ற வேலை' என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பெட்ஷீட்காரனைப் பட்டு நெசவாளி பார்க்கிற பார்வை.

அடுத்த திருப்பம் 2006. அந்த வருடம் ஜனவரியில் நியூயார்க்கில் 'பார்கேம்ப்' என்ற கூட்டத்தில் ஜான் ரெசிக் என்ற இளைஞர் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தை வெளியிட்டார். பார்கேம்ப் என்பது 2005 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய விளையாட்டு. நிகழ்ச்சி நிரல் கிடையாது. காலையில் வந்தவர்கள் சுவரில் காகிதம் ஒட்டித் தாங்கள் எதைப் பற்றிப் பேசுவோம் என்று எழுதுவார்கள். வேடிக்கை பார்க்க வருபவருக்கு இடமில்லை, எல்லோரும் ஏதாவது செய்ய வேண்டும். அந்த விளையாட்டு மார்ச்சில் டெல்லிக்கு வந்தது, ஏப்ரலில் சென்னைக்கு. ஜேகுவெரி பிறந்த மூன்று மாதத்தில் அது பிறந்த மாதிரியான கூட்டமும் நம் ஊருக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் சென்னையில் 'நான் வெப் வேலை பார்க்கிறேன்' என்று ஒருவன் தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டு ஒரு ஹாலுக்குள் நுழைய முடிந்தது.

இந்த மொழியின் பெரிய செய்திகள் எல்லாம் ஆபீஸில் அறிவிக்கப்பட்டதைவிடக் கூட்டங்களில் அவிழ்க்கப்பட்டவையே அதிகம். 2009 நவம்பரில் பெர்லினில் ஜேஎஸ்கான்ஃப் கூட்டத்தில் பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்ஜேஎஸ்ஸை ரயன் டால் தயங்கித் தயங்கிக் காட்டினார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2013 மே மாதம் அமெரிக்க ஜேஎஸ்கான்ஃபில் பேஸ்புக்காரர்கள் ரியாக்ட் என்ற தங்கள் நூலகத்தைக் காட்டியபோது கைதட்டு குறைவு, முணுமுணுப்பு அதிகம். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நடுவே எச்.டி.எம்.எல். எழுதுகிறார்களே என்று. நானும் முணுமுணுத்தவன்தான். அடுத்த மூன்று வருடம் அதில்தான் எனக்குச் சோறு.

இந்தியாவில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கென்றே நடந்த பெரிய கூட்டம் 2011-இல் பெங்களூரில் ஹாஸ்கீக் என்ற நிறுவனம் நடத்திய ஜேஎஸ்ஃபூ. அது டிக்கெட் கூட்டம். காசு கொடுத்துக் கேட்கலாமா என்று எங்கள் அறையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. சந்தைக்கே சுங்கம் உண்டு. டிக்கெட் காசு இருந்தால் ஹாலுக்கு வேறு எவனிடமும் கை நீட்ட வேண்டாம். கை நீட்டுவதில் வரும் சிக்கல் எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

2014, 2015-க்குப் பிறகு சென்னையில் ரியாக்ட், ஆங்குலர், நோட் என்று தனித்தனிக் கூட்டங்கள் முளைத்தன. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் தங்கள் கேன்டீனைத் திறந்துவிட்டன. குளிரூட்டிய ஹால், பீட்சா, ஸ்டிக்கர், டி-ஷர்ட். (அந்த டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கம். பல தடவை திருப்பூர். பத்து நாள் கழித்து அதன் கட்டிங் வேஸ்ட் எங்கள் ஊர் ஓ.இ. மில்லுக்கு வந்து மறுபடி நூலாகியிருக்கும்.) ஆரம்பத்தில் பேச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம் கம்பெனிக்காரர் வேலை வாய்ப்பைச் சொல்வார். பிறகு அது பதினைந்து நிமிடமானது. ஒரு கூட்டத்தில், பேர் வேண்டாம், உள்ளே நுழையும்போதே இப்போதைய சம்பளம் எவ்வளவு, எதிர்பார்ப்பது எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். துண்டு வந்துவிட்டது.

துண்டைக் குறை சொல்லவில்லை. விலை பேசுகிற இடத்தில் துண்டு வேண்டும். ஆனால் கண்ணபுரத்தில் பல் பார்க்கிற கூட்டமும் விலை பேசுகிற கூட்டமும் ஒன்றல்ல. இங்கே இரண்டும் ஒன்றாகிப் பேச்சாளர்களும் மாறினார்கள். தான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்று சொல்வது நின்றது. கம்பெனி எவ்வளவு பெரிது என்று சொல்வது தொடங்கியது. தடுக்கி விழுந்த கதைக்காகத்தானே நாங்கள் இரண்டு பஸ் மாறி வந்தோம்.

இது இன்றைய புகாரும் இல்லை. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் கார்டன் பிரெஞ்சின் கார் ஷெட்டில் சில பேர் கூடி ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பைத் தொடங்கினார்கள். ஆப்பிள் கம்ப்யூட்டரை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக் அங்கே உட்கார்ந்திருந்தவர். அடுத்த பிப்ரவரியிலேயே, எங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறீர்கள் என்று பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பில் கேட்ஸ் திறந்த கடிதம் எழுதிவிட்டார். துண்டுக்குள் எது, வெளியே எது என்ற தகராறு இந்தத் தொழிலோடு சேர்ந்தே பிறந்தது.

இன்னொரு தகராறு மொழி. பேச்செல்லாம் இங்கிலீஷ். டீ வந்தால் தமிழ். என் கணக்கில் உண்மையான கூட்டம் டீ வந்த பிறகு நடந்ததுதான். இதை மாற்றியவர்களில் முக்கியமானவர்கள் காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர். தமிழிலேயே பேசுவது என்று வைத்துக்கொண்டார்கள். அதே வட்டத்திலிருந்து 2012-இல் 'கணியம்' மின்னிதழ் வந்தது. து.நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பற்றியெல்லாம் இலவச மின்னூல் வந்தது. விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் குழு கிராமத்துப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறது. விழுப்புரத்தில் முடியுமென்றால் வெள்ளகோவிலில் ஏன் முடியாது என்ற கேள்வி எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

நான் கோவைக்கு மாறிய பிறகு 2018-இல் ஒரு கூட்டத்தில் நோட்ஜேஎஸ்ஸின் ஈவென்ட் லூப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு மாடி, நாற்பது பேர். இங்கிலீஷில் தயாரித்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைக் கசக்கினாள், பின்வரிசை போனை எடுத்தது. ஸ்லைடை அணைத்துவிட்டேன். "எங்கூட்டுல எட்டுத் தறி இருந்துச்சுங்க" என்று ஆரம்பித்தேன்.

எட்டுத் தறிக்கும் ஆள் ஒன்று. அவர் எந்தத் தறி முன்னாலும் நின்று காத்திருப்பதில்லை. தறி தன்பாட்டில் ஓடும். ஊடை அறுந்தால் போர்க் தட்டித் தறி தானே நிற்கும்; சத்தம் குறைந்ததை வைத்தே எந்தத் தறி என்று அவருக்குத் தெரியும். போவார், ஊடை நூல் சுற்றிய புதுத் தாரை நாடாவில் போடுவார், ஓட்டிவிட்டு அடுத்ததுக்குப் போவார். இரண்டு தறி ஒரே நேரத்தில் நின்றால் ஒன்று காத்திருக்கும், அதுதான் வரிசை. பாவு தீர்ந்துவிட்டால்? ஆயிரக்கணக்கான இழையையும் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்கு இவரே உட்கார்ந்தால் மீதி ஏழு தறியும் போச்சு. அதனால் பாவு பிணைக்கிறவர்களுக்கு ஆள் விடுவோம். அவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து பிணைத்து முடித்து "ஆச்சுங்" என்று குரல் கொடுப்பார்கள். அப்போது இவர் வந்து ஓட்டிவிட்டால் போதும். நோட்ஜேஎஸ் அந்த ஒற்றை ஆள். பெரிய கணக்கை அதனிடமே கொடுத்தால் பாவு பிணைக்க உட்கார்ந்த தறிக்காரர் கதிதான்.

கையிலிருந்த போன்கள் இறங்கின. கேள்வி வந்தது, சோமனூர்ப் பையன் ஒருவன், "அண்ணா, ஆயிலும் அவரேதான் விடுவாரு, அது எப்பங்க?" என்றான். ஹாலே சிரித்தது. நல்ல கேள்வி அது. சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலையை எங்கே செருகுவது என்று அடுத்த அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். ரயன் டாலுக்குப் பெர்லினில் கிடைத்த கைதட்டு எனக்கு வேண்டாம். இந்தச் சிரிப்பு போதும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கும் வழியில்லை, மீட்டப்புக்கும் வழியில்லை. நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெள்ளகோவில் வந்து சேர்ந்தேன். கூட்டங்களெல்லாம் திரைக்குள் போயின. வீட்டுத் திண்ணையிலிருந்தே சென்னை, பெங்களூர், பெர்லின் எல்லாவற்றையும் கேட்கலாம் என்றானது. கேட்டேன். மூன்று மாதத்தில் சலித்தது. திரையில் டீ கிடையாது. 'அது தப்பு சார்' என்று எழுந்து நிற்க அங்கே தரையும் கிடையாது. கை தூக்கும் பொம்மை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கோவை ஆபீஸ் பிறகும் திறக்கவில்லை. நான் இங்கேயே தங்கிவிட்டேன். 2022-இல் நானே கூப்பிட்டேன். வெள்ளகோவிலில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், பழைய தறி ஷெட்தான், தறியைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு, இடம் இருக்கிறது என்று. ஞாயிறு சந்தை நாள் என்பதை மறந்துவிட்டேன். முருங்கைக்காய்க் கொள்முதலும் அன்றுதான். ரோடெல்லாம் மினி லாரி. வந்தவர்கள் மூன்று பேர்: பெருந்துறைப் பக்கம் படிக்கிற ஒரு மாணவி, அவளுக்குத் துணையாக வந்த தம்பி, ஜி.எஸ்.டி. பில் போடுகிற சாப்ட்வேர் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்க வந்த எண்ணெய் மில்காரர். அவரையும் உட்காரவைத்தேன். எண்ணெய் மில்லில் தேங்காய்ப் பருப்பு எடை போடுகிற தராசு எண்ணைப் பிரவுசருக்குக் கொண்டுவர முடியுமா என்று அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்த மாணவி அடுத்த வாரம் தேடிக் கொண்டு வந்தாள்.

கூட்டத்துக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. கிழமையைச் சனிக்கு மாற்றினோம். சில மாதம் எட்டுப் பேர், சில மாதம் இரண்டு. அப்பா ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்பார். அவருக்கு ஒரு சந்தேகம் தீரவே இல்லை: "ஏங்கண்ணு, இப்படிச் சொல்லிக் குடுத்துட்டா அடுத்தவன் பண்ணிப்போட மாட்டானா?" பண்ணட்டும் அப்பா என்பேன். பிக் கிளாஸ் வைத்துக் கரூர்த் துணியை எண்ணியவர் கேட்கிற கேள்வியா இது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

போன தையில் முத்தூர் ரோட்டிலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் வீட்டில் பெட்ஷீட் தறி ஓடுகிறது. பாவில் எத்தனை இழை சிவப்பு, எத்தனை வெள்ளை என்று வரிசை கொடுத்தால், நெய்வதற்கு முன்பே கட்டம் எப்படி விழும் என்று திரையில் வரைந்து காட்டுகிற ஒன்றை எழுதியிருந்தான். எங்கோ ஓரத்தில் ஒரு கட்டம் குறைந்து போகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றான். லேப்டாப்பைத் திறந்தான். இடது பாதியில் புரோகிராம் கோடு, வலது பாதியில் வரைந்த டிசைன். நாங்கள் குனிவதற்குள் "ஒரு நிமிசமுங்க" என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது பாதிமேல் போட்டு மூடினான்.

"பார்ட்டி டிசைனுங்க. அப்பா வெளிய காட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. கோடு பாருங்க, அதுக்கென்ன."

கட்டிலிலிருந்து அப்பா எழுந்து வந்தார். மூடியிருந்த பாதியை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார். துண்டு நழுவாமல் இருக்க அதன் முனையை லேப்டாப்புக்கு அடியில் செருகிவிட்டார். அந்த மாணவி பதினோராவது வரியைத் தொட்டு, "இங்க ஒன்னு கம்மியா எண்ணுது" என்றாள்.